வேலை முடிந்து வாசித்தவை: ஏழை படும் பாடு



சென்ற இதழ் வெளிவந்த பிறகு ஒரு அம்மா தொலைபேசியில் கதைத்தா. "தம்பி, நீங்கள் எழுதுகிற புத்தகங்கள் எல்லாம் நல்லதுதான். ஆனால் எங்கட பிள்ளையள் இங்க பள்ளிக்கூடத்தில படிக்கிற பிரெஞ்சுப் புத்தகத்தைப் பற்றியும் ஒருக்கா எழுதுங்கோவன். பிள்ளை வந்து கேட்டால் எங்களுக்கு வாய் திறக்க ஏலாமல் கிடக்கு" என்றா. நியாயமான பேச்சு. அதே கிழமை என் வீட்டிலும் அதே விசயம் வந்து நின்றபடியால், இம்முறை அதையே எழுதுகிறேன்.

என் மகளுக்குப் பதின்மூன்று வயது. கொலேஜில் படிக்கிறாள். ஒரு நாள் பின்னேரம் நான் வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருக்க, அவள் தன் பாடப் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுத் தாயிடம் ஏதோ முணுமுணுத்தாள். வீட்டுப் பாடத்தில் உதவி வேண்டும், ஆனால் அப்பாவிடம் கேட்டுப் பயனில்லை என்பதுதான் அந்த முணுமுணுப்பு. பிழை சொல்ல முடியாது. நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். என் பிரெஞ்சு தொழிற்சாலைப் பிரெஞ்சு. பெட்டியைத் தூக்கு, கெதியாய்ச் செய், நாளைக்கு ஐந்து மணிக்கு வா என்ற அளவோடு நிற்கிற பிரெஞ்சு.

சும்மா எட்டிப் பார்த்தேன். மட்டையில் ஒரு சின்னப் பெண்பிள்ளை, கிழிந்த சட்டை, வெறுங்கால், கையில் தன்னைவிட உயரமான விளக்குமாறு. எமில் பயார் என்ற ஓவியர் நூற்றைம்பது வருசத்துக்கு முன் கீறிய படம் அது. எனக்கு ஆளை உடனே பிடிபட்டுவிட்டது.

"இது கோசெத் எல்லோ? இது ஏழை படும் பாடு!" என்றேன்.

மகள் என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் மறக்க முடியவில்லை. "அப்பா, உங்களுக்கு லே மிசெறாபிள் தெரியுமா?"

தெரியும் பிள்ளை, பாதி தெரியும் என்றேன். அந்தப் பாதிக் கதையைத்தான் முதலில் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

2008 ஆம் ஆண்டு. எனக்கு இருபது வயது. பரந்தனுக்குக் கிட்ட இருந்த எங்கள் சனசமூக நிலையத்தில் ஒரு அலுமாரி புத்தகம் இருந்தது. அதிலேதான் மட்டை போன ஒரு தடித்த புத்தகம் எடுத்தேன். விக்ரர் ஹியூகோ எழுதியது, தமிழில் யோகி சுத்தானந்த பாரதியார். மின்சாரம் இல்லாத காலம். பகலில் வேலை, இரவில் குப்பி விளக்கு. பாரிஸ் தெருவில் பெடியள் கதிரை மேசை வண்டிச் சில்லு எல்லாம் அடுக்கித் தடுப்பரண் கட்டுகிற இடம் வரைக்கும் வந்துவிட்டேன். அந்தக் கிழமை நாங்கள் இடம்பெயர வேண்டி வந்தது. உழவு இயந்திரப் பெட்டியில் அரிசி, பாய், சட்டி பானை, அம்மாவின் தையல் மெசின் எல்லாம் ஏறின. புத்தகம் கூரை வளையில் செருகினபடி நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அந்த வீடும் இல்லை, சனசமூக நிலையமும் இல்லை. இரவல் எடுத்துத் திருப்பிக் கொடுக்காத புத்தகம் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

ஆகவே கதையின் முடிவை நான் அறிந்தது இந்த நாட்டில், அதுவும் என் மகளின் வாயால்.

கள்ளப் பாஸ்போட்டில் போன பெரிய மனிதர்

விக்ரர் ஹியூகோவின் பெயரில் தெரு இல்லாத ஊர் பிரான்சில் அருமை. நாங்கள் கடிதம் போடும்போதும் வீட்டு விலாசம் எழுதும்போதும் அவர் பெயரை எழுதுகிறோம். ஆனால் அவரும் எங்களைப் போல ஒரு அகதி என்பது எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1802 இல் பெசான்சோன் நகரில் பிறந்தவர். இளம் வயதிலேயே கவிஞர் என்று பெயர் எடுத்தவர். பிரெஞ்சு அக்கடமியில் அங்கத்தவர், பிறகு பாராளுமன்ற உறுப்பினர். 1851 டிசம்பரில் லூயி நெப்போலியன் ஆட்சியைக் கவிழ்த்து அதிகாரத்தைக் கைப்பற்றினபோது அதை எதிர்த்து நின்றார். பிடித்தால் சிறை என்ற நிலை. அப்போது அவர் என்ன செய்தார் தெரியுமா? லான்வன் என்ற ஒரு அச்சுக்கூடத் தொழிலாளியின் கடவுச்சீட்டை வாங்கிக்கொண்டு, தொழிலாளி வேசத்தில் ரயில் ஏறி பிரசெல்சுக்குத் தப்பிப் போனார். பிரான்சின் மிகப் பெரிய எழுத்தாளர் எல்லையைக் கடந்தது ஒரு தொழிலாளியின் பேப்பரில்!

இதை முதலில் வாசித்தபோது நான் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அவர் எழுதிய கையெழுத்துப் பிரதிகளைப் பெட்டியில் போட்டுப் பின்னாலே கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவருடைய வாழ்க்கைத் துணைபோல் இருந்த யூலியெத் துறுவே என்ற பெண்மணி. அந்தப் பெட்டிக்குள் இந்த நாவலின் அரைகுறைப் பிரதியும் இருந்தது. 1845 இல் பாரிசில் தொடங்கி, 1848 புரட்சியோடு பாதியில் நின்றுபோன வேலை. ஓடுகிறபோது எதைக் கொண்டு ஓடுகிறோம், எதை விட்டுவிட்டு ஓடுகிறோம் என்பது எவ்வளவு பெரிய விசயம் என்று எங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

பிரசெல்சில் இருந்து ஜேர்சித் தீவு. 1855 இல் அங்கிருந்தும் வெளியேற்றினார்கள். அடுத்தது கேர்ன்சித் தீவு. அங்கே கடலைப் பார்த்த ஒரு வீட்டின் மேல்மாடியில் நின்றபடி எழுதுவார். 1859 இல் மன்னிப்புத் தருகிறோம், திரும்பி வரலாம் என்று அரசாங்கம் அறிவித்தும் அவர் போகவில்லை. 1860 இல் அந்தப் பழைய பெட்டியைத் திறந்து நாவலை மீண்டும் எடுத்தார். 1862 இல் ஐந்து பாகங்களாகப் புத்தகம் வெளிவந்தது. பிரசெல்ஸ் பதிப்பாளர் ஒருவர் 3,00,000 பிராங் கொடுத்து உரிமை வாங்கினார். அந்தக் காலத்தில் கேள்விப்படாத தொகை.

1870 செப்ரெம்பரில் குடியரசு வந்த மறுநாள்தான் ஹியூகோ பாரிசுக்குத் திரும்பினார். ஏறக்குறைய 19 வருசம். 1885 மே 22 இல் இறந்தபோது, தன்னை ஏழைகளைக் கொண்டுபோகும் வண்டியில்தான் கொண்டுபோக வேண்டும் என்றும், 50,000 பிராங் ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்றும் எழுதி வைத்திருந்தார். ஊர்வலத்துக்கு 20 லட்சம் பேர் வரையில் வந்தார்கள் என்று சொல்வார்கள். பாந்தெயோனில் அடக்கம் செய்தார்கள்.

ஒரு பாண், ஒரு மஞ்சள் பேப்பர்

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிள்ளை கேட்டால் நீங்களும் சொல்லலாம்.

ழான் வல்ழான் மரக்கொப்பு வெட்டுகிற ஒரு கூலித் தொழிலாளி. சகோதரிக்கு ஏழு பிள்ளைகள், புருசன் இல்லை. 1795 மாரிகாலம். வேலை இல்லை, வீட்டில் சாப்பாடு இல்லை. பேக்கரிக் கண்ணாடியை உடைத்து ஒரு பாண் எடுக்கிறான். ஐந்து வருசச் சிறை. தப்பி ஓடப் பார்த்துப் பார்த்து அது 19 வருசம் ஆகிறது. தூலோன் சிறையில் காலில் சங்கிலியோடு வேலை. 1815 இல் வெளியே வரும்போது அவன் 19 வருச உழைப்புக்குக் கையில் கொடுத்தது 109 பிராங்கும் 15 சூவும்.

அதோடு ஒரு மஞ்சள் கடவுச்சீட்டும் கொடுக்கிறார்கள். போகிற ஊரெல்லாம் நகரசபையில் அதைக் காட்ட வேண்டும். காட்டினால் ஒருவரும் இடம் கொடுக்க மாட்டார்கள், காட்டாவிட்டால் பிடிப்பார்கள். வழியில் கிராஸ் என்ற ஊரில் ஒரு நாள் சாமான் இறக்குகிற வேலை கிடைக்கிறது. மற்றத் தொழிலாளிகளுக்கு நாளுக்கு 30 சூ. வேலை நேரத்தில் பொலிஸ் வந்து இவனுடைய பேப்பரைப் பார்த்துவிட்டுப் போகிறான். பின்னேரம் முதலாளி இவனுக்கு மட்டும் குறைத்துக் கொடுக்கிறார். ஏன் என்று கேட்டால், உனக்கு இவ்வளவும் போதும் என்ற மாதிரிப் பதில். இந்த இடத்தை என் மகள் வாசித்துக் காட்டியபோது நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கோப்பை கழுவப் போன இடத்தில் பாதிச் சம்பளம் வாங்கின ஆட்கள் எங்களில் எத்தனை பேர்!

பிறகு டீன் நகரத்துப் பிசப்பின் வீடு. எல்லாக் கதவும் அடைத்த இரவில் அந்த ஒரு கதவு திறக்கிறது. சாப்பாடும் படுக்கையும் கொடுத்த வீட்டிலேயே வெள்ளிப் பாத்திரங்களைக் களவெடுக்கிறான். பொலிஸ் பிடித்துக்கொண்டு வர, பிசப் அவை தான் கொடுத்தவை என்று சொல்லி, இரண்டு வெள்ளி மெழுகுதிரித் தண்டுகளையும் சேர்த்துக் கொடுத்து அனுப்புகிறார். கதை முழுக்க அந்தத் தண்டுகள் அவனோடு போகின்றன.

அடுத்தது மொன்றெய் என்ற ஊர். வல்ழான் அங்கே போய்ச் சேருகிற இரவில் நகரசபைக் கட்டடம் தீப்பற்றுகிறது. பொலிஸ் அதிகாரி ஒருவரின் இரண்டு பிள்ளைகளை நெருப்புக்குள் பாய்ந்து காப்பாற்றுகிறான். அந்த அமளியில் அவனிடம் பாஸ்போட் கேட்க மறந்துபோகிறார்கள்! மதலேன் என்று வேறு பெயர். கறுப்புக் கண்ணாடி மணி செய்கிற தொழிலில் மலிவான ஒரு வழி கண்டுபிடித்துத் தொழிற்சாலை முதலாளி ஆகிறான். மேயரும் ஆகிறான். இன்ஸ்பெக்ரர் ழவேர் என்பவனுக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. ஒரு நாள் வேறொரு ஊரில், இவன்தான் வல்ழான் என்று சொல்லி ஒரு அப்பாவிக் கிழவனைப் பிடித்து வழக்குப் போடுகிறார்கள். வாய் மூடி இருந்தால் இவன் என்றைக்கும் தப்பிவிடலாம். இரவு முழுக்கத் தன்னோடு தான் சண்டை பிடித்து, விடிய நீதிமன்றத்துக்குப் போய், நான்தான் அவன் என்று சொல்கிறான்.

அங்கிருந்து கதை கோசெத், மாறியூஸ், 1832 கிளர்ச்சி, தடுப்பரண், பாரிசின் சாக்கடை என்று விரிகிறது. முடிவைச் சொல்லமாட்டேன். எனக்குப் பதினாறு வருசம் காத்திருந்து கிடைத்த முடிவு. நீங்களும் வாசித்து அறியுங்கள்.

படமும் வானொலியும்

தமிழில் இந்தக் கதையைக் கொண்டுவந்த சுத்தானந்த பாரதியார் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் இருபது வருசத்துக்கு மேல் வாழ்ந்தவர். ஹியூகோவின் இன்னொரு நாவலையும் "இளிச்சவாயன்" என்று தமிழாக்கியவர். லே மிசெறாபிள் என்ற சொல்லைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் துன்பப்பட்டவர்கள் என்றோ கடைகெட்டவர்கள் என்றோ வரும். அவர் "ஏழை படும் பாடு" என்றார். எங்கள் ஊர்ச் சனம் வாயில் வைத்துச் சொல்லக்கூடிய தலைப்பு.

அதே தலைப்பில் 1950 இல் படமும் வந்தது. கோயம்புத்தூர் பட்சிராஜா ஸ்ரூடியோவின் தயாரிப்பு, கே. ராம்நாத் இயக்கம். வல்ழான் கந்தன் ஆகிவிட்டான். நடித்தவர் சித்தூர் வி. நாகையா. லலிதா, பத்மினி சகோதரிகளும் நடித்தார்கள். தெலுங்கிலும் "பீதல பாட்லு" என்று வந்தது. இன்ஸ்பெக்ரராக வந்த சீதாராமனுக்கு அந்தப் பாத்திரத்தின் பெயரே ஒட்டிவிட்டது. சாகும்வரை அவர் "ஜாவர்" சீதாராமன்தான்! "வீரபாண்டிய கட்டபொம்மன்" படத்தில் பானர்மன் துரையாக வருபவரும் அவரே, "உடல் பொருள் ஆனந்தி" எழுதியவரும் அவரே. நான் ஜாவர் என்று சொல்ல, "ழவேர் அப்பா, ழவேர்" என்று மகள் திருத்துகிறாள். நான் விட்டுக்கொடுக்கவில்லை. எங்களுக்கு ஜாவர்தான்.

சிவாஜி நடித்து 1972 இல் வந்த "ஞான ஒளி" படத்தைப் பார்த்தவர்களுக்கும், ஓடி ஒளிந்து பணக்காரனாகத் திரும்பி வருகிறவன், அவனை விடாமல் துரத்துகிற பொலிஸ்காரன் என்று இந்தக் கதையின் சாயல் தெரியும். என் அம்மா அந்தப் படத்தைக் கண்ணால் பார்க்க முதல் இலங்கை வானொலியில் ஒலிச்சித்திரமாகத்தான் கேட்டவ. மேசையைச் சுற்றி ஊரே இருந்து கேட்கும் என்று சொல்லுவா. படம் இல்லாமல் படம் பார்த்த தலைமுறை அது.

வானொலி என்றதும் இன்னொரு விசயம். 1937 இல் அமெரிக்காவில் ஓர்சன் வெல்ஸ் என்ற 22 வயதுப் பெடியன் இந்த நாவலை ஏழு வாரத் தொடர் நாடகமாக வானொலியில் தந்தான். வாரம் அரை மணித்தியாலம். எழுதி, இயக்கி, வல்ழானாக நடித்ததும் அவனே. அடுத்த வருசம் செவ்வாய்க் கிரகத்தவர் படையெடுத்து வந்த கதையைச் செய்தி மாதிரி ஒலிபரப்பிக் கேட்டவர்களைக் கலங்கடித்த அதே ஆள்தான். அந்த ஏழு பகுதிகளையும் நான் இரவு வேலைக்குப் போகும் பஸ்ஸில் காதில் மாட்டிக் கேட்டேன். ஆங்கிலம் அரைவாசிதான் விளங்கியது. ஆனாலும் காலடிச் சத்தமும் கதவு தட்டுகிற சத்தமும் எந்தப் பாசையிலும் ஒன்றுதான்.

பிரெஞ்சுப் படங்கள் எத்தனையோ உண்டு. 1912 இலேயே கப்பெலானி என்பவர் பேசாப் படமாக எடுத்துவிட்டார். 1934 இல் றேமோன் பெர்னார் எடுத்தது மூன்று பகுதி, ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம். நான் பார்த்தவற்றில் கதைக்கு மிக நெருக்கமானது அதுதான். வல்ழானாக வரும் ஹரி போர் என்ற நடிகரின் முதுகைப் பார்த்தாலே 19 வருசச் சங்கிலி தெரியும். 1958 இல் ழான் கபன், 1982 இல் லீனோ வெந்துரா. 1980 இல் பாரிசில் பாட்டு நாடகமாக மேடையேறி, 1985 இல் லண்டனுக்குப் போய் உலகம் முழுக்கப் பரவியது. அதைத்தான் 2012 இல் ஹியூ ஜாக்மனை வைத்துப் படமாக எடுத்தார்கள். முதலில் பாட்டைப் பதிவுசெய்து பிறகு வாயசைக்காமல், நடிக்கும்போதே நேரடியாகப் பாடினார்கள். பொந்தீனாக வந்த ஆன் ஹாத்தவேக்கு ஒஸ்கார் கிடைத்தது.

எங்களுக்கு மிகக் கிட்டவான படம் ஒன்று இருக்கிறது. கோசெத் விளக்குமாறு பிடித்த அந்தச் சாப்பாட்டுக்கடை நாவலில் மொன்பெர்மெய் என்ற ஊரில் இருக்கிறது. அந்த ஊர் எங்கேயோ இல்லை. எங்கள் சனம் நிறைய வாழும் அதே 93 ஆம் மாவட்டத்தில், திறாம் நாலில் ஏறினால் போய்ச் சேரலாம். அந்த ஊரில் வளர்ந்த, மாலி நாட்டுப் பெற்றோரின் மகனான லாட்ஸ் லி என்பவர் 2019 இல் "லே மிசெறாபிள்" என்ற அதே பெயரில் ஒரு படம் எடுத்தார். ஹியூகோவின் கதை அல்ல. இன்றைய மாடிக்குடியிருப்புகள், பொலிஸ், பெடியள் பற்றிய கதை. கான் விழாவில் நடுவர் பரிசு பெற்றது. சின்னப் பிள்ளைகளோடு இருந்து பார்க்கிற படம் அல்ல, ஆனால் பெற்றோர் பார்க்க வேண்டிய படம்.

படத்தில் கெதியாய் ஓடிவிடுகிற இடம்

எல்லாப் படத்திலும் ஒரு காட்சி மிக விரைவாக ஓடிவிடும். பொந்தீனை வேலையால் நிற்பாட்டுகிற இடம். புத்தகத்தில் ஹியூகோ அங்கே நின்று நிதானமாக எழுதுகிறார்.

பொந்தீன் வல்ழானின் தொழிற்சாலையில் மணி கோர்க்கிற பெண். அவளுக்கு ஒரு பிள்ளை இருப்பதை மறைத்து வைத்திருக்கிறாள். பிள்ளை மொன்பெர்மெய்யில் பிறத்தியாரிடம் வளர்கிறது. எழுதத் தெரியாதபடியால் கடிதம் எழுதுவிக்க வேறொருவரிடம் போகிறாள். விடுப்புப் பார்க்கிற ஒரு மனுசி 35 பிராங் செலவழித்து அந்த ஊருக்கே போய்ப் பிள்ளையைக் கண்டுபிடித்துவிட்டு வருகிறாள். ஒரு நாள் மேற்பார்வைப் பெண் வந்து 50 பிராங்கைக் கையில் கொடுத்து, மேயரின் பெயரால் உன்னை நிற்பாட்டியாயிற்று என்கிறாள். மேயருக்கு இது ஒன்றும் தெரியாது. மேயரிடம் போய்க் கேள் என்று சிலர் சொல்லியும் அவள் துணியவில்லை. பிறகு தலைமயிரை விற்கிறாள், முன்பற்களை விற்கிறாள், கடைசியில் தன்னையே விற்கிறாள்.

என் மகளுக்குக் கொடுத்த கேள்வி: பொந்தீனின் வீழ்ச்சிக்குப் பொறுப்பு யார்? அவள் எழுதியிருந்த பதில்: அந்த விடுப்பு மனுசி, மேற்பார்வைப் பெண், மேயர். நான் பார்த்துவிட்டு, "இன்னும் ஆட்கள் இருக்கு" என்றேன். "யார்?" என்றாள். "பக்கத்தில் நின்று வேலை செய்த மற்றவர்கள்" என்றேன்.

"அவர்கள் ஒன்றும் செய்யவில்லையே அப்பா."

ஓம் பிள்ளை, அதுதான்.

வாசகர்களே, இப்போது மேலே சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். நான் இந்த நாட்டுக்கு வந்தது 2012 இல். என் அகதி வழக்கு முடிய நாலு வருசம் எடுத்தது. வேலை செய்ய அனுமதி இல்லை, ஊரில் மனைவி, நான் கண்ணால் காணாத பிள்ளை, வந்த கடன். என்ன செய்வது? கொஞ்சம் என்னைப் போலவே இருந்த ஒரு அண்ணையின் காட்டைக் கொண்டுபோய், விடுதிகளின் படுக்கைவிரிப்புத் தோய்க்கிற ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். இரண்டு வருசம் அங்கே என்னை வேறு பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். முதல் மாதம் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மறந்துவிடுவேன். பிறகு பழகிவிட்டது. இப்போதும் லாச்சப்பல் தெருவில் யாராவது அந்தப் பெயரைச் சொன்னால் கழுத்து தானாகத் திரும்பும்.

ஈரவிரிப்பை இஸ்திரி மெசினுக்குள் விடும்போது இரண்டு பேர் இரண்டு மூலையைப் பிடிக்க வேண்டும். என் மறு மூலையைப் பிடித்தது மாலி நாட்டுப் பெண் ஒருத்தி. ஒரே தாளத்தில் ஒரு நாளைக்கு எத்தனையோ நூறு விரிப்பு விடுவோம். அவள் எனக்குப் பிரெஞ்சில் எண்ணச் சொல்லித் தந்தாள். சாப்பாட்டு நேரத்தில் தன் சோற்றில் எனக்கும் ஒரு பங்கு வைப்பாள்.

ஒரு நாள் அவளுடைய பிள்ளைக்குக் காய்ச்சல். நாளைக்கு வரமாட்டேன் என்று மேற்பார்வையாளரிடம் சொன்னாள். அவர் சரி என்றார். இது என் கண்முன்னால், மெசினுக்குப் பக்கத்தில் நடந்தது. மூன்றாம் நாள் அவள் வந்தபோது, சொல்லாமல் நின்றாய் என்று அதே ஆள் அவளை நிற்பாட்டினார். அவள் என்னைக் கையால் காட்டி, "இவர் கேட்டவர், இவரைக் கேளுங்கள்" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

சாட்சி சொன்னால் பெயர் கேட்பார்கள். எந்தப் பெயரைச் சொல்வது? காட்டை எடுத்துப் பார்த்தால் நான் போக, காட்டைத் தந்த அண்ணையும் மாட்டுவார். இது எல்லாம் அந்த ஒரு நொடியில் மண்டைக்குள் ஓடியது. எனக்குப் பிரெஞ்சு விளங்கவில்லை என்பதுபோலத் தலையை ஆட்டினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. தன் மேலங்கியைக் கழற்றி மடித்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அன்று பின்னேரம் வேறு ஒருவர் அந்த மூலையைப் பிடித்தார். நான் எண்ணிக்கொண்டே வேலை செய்தேன், அவள் சொல்லித் தந்த எண்ணிக்கையில்.

ஹியூகோவும் இன்னொருவர் பெயரில் போனவர். வல்ழானும் வேறு பெயரில் வாழ்ந்தவன். அதில் வெட்கம் இல்லை என்று இப்போது எனக்குத் தெரியும். பசிக்குப் பாண் எடுத்ததும் பிழையில்லை. ஆனால் நீதிமன்றத்தில் எழுந்து நின்று தன் சொந்தப் பெயரைச் சொன்னானே, அந்த இடத்துக்கு வரும்போதுதான் நான் புத்தகத்தை மூடி வைக்கிறேன்.

இதை மகளிடம் சொன்னேன். தாய்க்கும் அதுவரை சொன்னதில்லை. மகள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அந்த அன்ரியின் பெயர் என்ன?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்திருந்தது. சொன்னேன். அவள் தன் பதிலில் ஒரு வரி கூட்டி எழுதினாள். என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை.

புதிதாய் வந்த குடும்பங்களுக்கு

ஒன்று: முழு நாவல் ஏறக்குறைய 1500 பக்கம். பயப்பட வேண்டாம். சிறுவர்களுக்கான சுருக்கப் பதிப்புகள் நூலகங்களில் உண்டு. பாரிஸ் நகரசபை நூலகங்களில் அங்கத்தவராகச் சேரக் காசு இல்லை. பிள்ளை பிரெஞ்சில் வாசிக்கட்டும், நீங்கள் கதையைத் தமிழில் சொல்லுங்கள். இரண்டு பேரும் ஒரே மேசையில் இருக்க இது ஒரு நல்ல வழி.

இரண்டு: பிளாஸ் தே வோஜ், 6 ஆம் இலக்கம். ஹியூகோ 1832 இலிருந்து 1848 வரை வாழ்ந்த வீடு இப்போது காட்சிச்சாலை. நிரந்தரக் காட்சிக்கு அனுமதி இலவசம். திங்கட்கிழமை பூட்டு. பஸ்தீய் மெத்ரோவில் இறங்கி நடக்கலாம். இந்த நாவலை அவர் எழுதத் தொடங்கியது அந்த வீட்டில்தான்.

மூன்று: வேலைத்தலத்தில் அநியாயம் நடந்தால், பேப்பர் இல்லாதவருக்கும் செய்த வேலைக்குச் சம்பளம் கேட்கும் உரிமை இந்த நாட்டுச் சட்டத்தில் இருக்கிறது. புறுதோம் என்ற தொழில் நீதிமன்றத்துக்குப் போகலாம். இதை அந்த நாளில் எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. ஆகவே நான் உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் பக்கத்து மெசினில் நிற்பவருக்குச் சொல்லுங்கள்.

அடுத்த இதழில் வேறொரு புத்தகத்தோடு சந்திப்போம். எங்கேயாவது "ஏழை படும் பாடு" பழைய பிரதி ஒன்று வைத்திருப்பவர்கள், விற்க விரும்பினால் பத்திரிகைக்கு எழுதுங்கள். பரந்தனில் இப்போது மீண்டும் ஒரு சனசமூக நிலையம் கட்டியிருக்கிறார்கள் என்று கேள்வி. அவர்களுக்கு நான் ஒரு புத்தகம் திருப்பிக் கொடுக்க வேண்டும்.